நூற்புழுவைப் பிடித்த நூல்

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு சேலையைக் கையில் கொடுத்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் கரையையோ நிறத்தையோ முதலில் பார்க்க மாட்டார்கள். ஒரு மடிப்பு விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்கள். பாவும் ஊடையும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்று கண்ணைச் சுருக்குவார்கள். நூலுக்கும் நூலுக்கும் நடுவே இருக்கிற ஓட்டைதான் அவர்களுக்குக் கணக்கு.

அங்கிருந்து கிழக்கே திருச்சுழிப் பக்கம் போனால், கரிசல் காட்டில் குதிரைவாலி அறுத்து முடிந்ததும் வீட்டு வாசல்களில் இன்னொரு கூட்டம் ஓட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். சொளகில் புடைப்பார்கள், கொழிப்பார்கள், சல்லடையில் சலிப்பார்கள், கடைசியில் அரிக்கஞ்சட்டியில் தண்ணீர் விட்டு அரிப்பார்கள். என் அப்பத்தாவிடம் மூன்று சல்லடைகள் இருந்தன. கல்லும் கட்டியும் நிற்க ஒன்று, தானியம் நிற்க ஒன்று, மாவுக்கு ஒன்று.

"ஏன் அப்பத்தா மூணு?" என்று கேட்டதற்கு, நிமிராமலே சொன்னாள்: "எதப் பிடிக்கணுமோ அதுக்குத் தக்கன கண்ணு வேணும்யா."

கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மனிதன் தெரிந்துகொள்ள ஏறத்தாழ 150 ஆண்டுகள் தடுமாறியதற்குக் காரணம் அந்த ஒரு வரிதான். ஆழ்கடல் சேற்றைச் சலிக்கும் சல்லடை பிறந்த கதை இது. கண் பெரிதாக இருந்தவரை, அந்தக் கடல் பாலைவனமாகவே தெரிந்தது.

300 பாகத்துக்குக் கீழே

1818-ஆம் ஆண்டு. ஐரோப்பாவிலிருந்து வடக்கு வழியாகப் பசிபிக் போக ஒரு கடல் பாதை கிடைக்குமா என்று தேடி, ஜான் ராஸ் என்ற பிரிட்டிஷ் கப்பற்படை அதிகாரி 'இசபெல்லா', 'அலெக்சாண்டர்' என்ற இரண்டு கப்பல்களுடன் கிரீன்லாந்துக்கு மேற்கே உள்ள பாஃபின் விரிகுடாவுக்குள் போனார். ஆழம் பார்க்கக் கயிறு விடும்போது அடிச்சேற்றையும் கவ்வி எடுத்துவர, நண்டுக் கொடுக்கு போன்ற ஓர் இரும்புக் கருவியைச் செய்து வைத்திருந்தார். நம் கரையோர மீனவர்கள் ஆழத்தைப் 'பாகம்' என்ற அளவில்தான் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம், சுமார் ஆறு அடி. ராஸ் சொன்ன கணக்குப்படி ஏறத்தாழ 1,000 பாகம் ஆழத்திலிருந்து மெத்தென்ற சேறு வந்தது. அதில் புழுக்கள் இருந்தன.

பனிக்கட்டி மிதக்கிற கடலின் அடியில், வெயில் ஒரு துளியும் எட்டாத இருட்டில், உயிருள்ள புழு. இன்றைக்கு என்றால் முதல் பக்கச் செய்தி. அன்று ராஸின் பயணமே தோல்வி என்று பேசப்பட்டது, அவருடைய ஆழக் கணக்கிலும் பின்னால் ஐயம் எழுந்தது. புழுவைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அடுத்து வந்தவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். திறமையான இயற்கையியலாளர். 1841, 1842-இல் 'பீக்கன்' கப்பலில் கிரேக்க நாட்டை ஒட்டிய ஈஜியன் கடலில் அரிப்பு வலை இழுத்தார். ஆழம் போகப்போக உயிரினங்கள் குறைந்துகொண்டே வந்தன. அவர் இழுத்த அதிக ஆழம் 230 பாகம். அதுவரை கிடைத்த கோட்டை அப்படியே கீழே நீட்டி, சுமார் 300 பாகத்துக்குக் கீழே உயிரே இருக்காது என்று கணித்தார். நிலத்தில் உயரம் கூடக்கூட மரம், செடி, புல் என்று குறைந்து கடைசியில் வெறும் பாறை நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது நியாயமாகவே பட்டது.

ஃபோர்ப்ஸ் பொய் சொல்லவில்லை. ஈஜியன் இயல்பிலேயே ஏழைக் கடல். அவருடைய அரிப்பு வலையின் வாய் சிறியது. சேறு அடைத்துக்கொண்டால் அதற்கு மேல் எதுவும் உள்ளே வராது. கோடையில் வந்து ஒரு கண்மாயின் வெடித்த தரையைப் பார்த்துவிட்டு, "இங்கே மீனே கிடையாது" என்று எழுதிக் கொடுத்தால் எப்படியோ, அப்படி.

அவர் சொன்னதை உடைத்தவர்களும் வடகடல்காரர்களே. நார்வேயில் மிக்கேல் சார்ஸ் என்ற பாதிரியார் பிற்காலத்தில் விலங்கியல் பேராசிரியரானார். அவருடைய மகன் கேயார்க் ஓசியன் சார்ஸ் லோஃபோட்டன் தீவுகளை ஒட்டி, ஃபோர்ப்ஸ் கோடு கிழித்த அந்த 300 பாகத்திலிருந்தே, 1864-இல் காம்பு வைத்த கடல் அல்லி ஒன்றை எடுத்தார். அதன் கூட்டத்தைப் பழம்பாறைகளில் கல்லாகத்தான் பார்த்திருந்தார்கள். இதுவோ உயிரோடு வந்தது. அதன் பிறகு 1868-இல் 'லைட்னிங்', 1869-இல் 'போர்க்குபைன்' கப்பல்கள் வட அட்லாண்டிக்கில் போயின. 'போர்க்குபைன்' 2,435 பாகத்திலிருந்து உயிர்களை எடுத்து வந்தது. 1872 முதல் 1876 வரை 'சேலஞ்சர்' உலகைச் சுற்றியது. அதன் அறிக்கைகள் 50 தொகுதிகள். அவற்றில் வில்லியம் மெக்கின்டாஷ் என்பவர் 1885-இல் எழுதியது முழுக்க முழுக்க உடலெங்கும் சுணை முளைத்த வளையப்புழுக்களைப் பற்றியது.

ஆழ்கடலில் உயிர் உண்டு என்று நிலைநாட்டியாயிற்று. ஆனால் எவ்வளவு உண்டு? 'சேலஞ்சர்' எடுத்தது வலையிலும் சல்லடையிலும் தங்கியதை மட்டுமே. தங்காமல் ஓடியது, சேற்றுத் தண்ணீரோடு கப்பலின் ஓரமாகக் கடலுக்கே திரும்பிப் போனது. பெரிய கண் சல்லடையில் மாவு சலித்தவர்கள் கல்லை எண்ணிவிட்டு, "மாவு கொஞ்சம்தான்" என்று கணக்கு எழுதிய கதை.

மாவாலையிலிருந்து வந்த துணி

சின்னக் கண் எங்கிருந்து வந்தது? தறியிலிருந்துதான்.

சுவிட்சர்லாந்தில் மாவாலைகளுக்கென்றே ஒரு பட்டுத்துணி நெய்தார்கள். கோதுமை மாவின் தவிட்டையும் நயமான மாவையும் பிரிக்க, ஒவ்வொரு கண்ணும் ஒரே அளவில் அமைந்த துணி. கண் அளவு மாறினால் மாவின் தரம் மாறும், ஆகவே அந்த நெசவில் ஓர் இழை நகரக் கூடாது. ஜெர்மனியின் கீல் நகரில் இருந்த விக்டர் ஹென்சன், கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களை எண்ண ஒரு வலை தேடியபோது அந்த மாவுத் துணியையே எடுத்துப் பை தைத்தார். 'பிளாங்டன்' என்ற சொல்லை 1887-இல் உலகுக்குக் கொடுத்தவர் அவர். உயிரியல்காரருக்கு வேண்டிய கண்ணை நெசவுக்காரர் முன்பே நெய்து வைத்திருந்தார். பின்னாளில் பட்டுக்குப் பதில் நைலானும் எஃகுக் கம்பியும் வந்தன. நெசவு மட்டும் அதே பாவு, அதே ஊடை.

அதே கீல் நகரில் அடுத்த தலைமுறையில் அடோல்ஃப் ரெமானே கடற்கரை மணலைக் கழுவிப் பார்த்தார். மணல் துகளுக்கும் துகளுக்கும் இடையே உள்ள தண்ணீரில் ஓர் ஊரே குடியிருந்தது. துணியில் ஓட்டையைப் பார்க்கிற நெசவுக்காரரின் பார்வை அவருக்கு மணலில் வாய்த்தது.

இந்தச் சின்னஞ்சிறு கூட்டத்துக்குப் பெயர் வைத்தவர் ஒரு பெண். மோலி மேர். இங்கிலாந்தின் பிளிமத் நகரை ஒட்டிய கடலின் அடிச்சேற்றை அவர் ஆராய்ந்தார். 1942-இல் வெளியான அவருடைய கட்டுரை, கடலடி உயிர்களைப் பெரியவை, நடுத்தரம், நுண்ணியவை என்று மூன்றாகப் பிரித்தது. நடுவில் வந்த கூட்டத்துக்கு 'மெயோபெந்தாஸ்' என்று பெயர். 'மெயோ' என்றால் கிரேக்கத்தில் 'சிறிய'. பிரித்த முறையைக் கவனியுங்கள்: எந்தச் சல்லடையில் தங்கும், எதில் நழுவும் என்பதே அளவுகோல். அப்பத்தாவின் மூன்று சல்லடைதான்.

அதே காலத்தில் சென்னைக் கடற்கரையிலும் இருவர் மணலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஆர். கோபால ஐயரும், அவருடன் வேலை செய்த கே.எச். அலிகுஞ்ஞியும். நாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற அந்த அலையோர மணலிலிருந்து, சின்னஞ்சிறு புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒன்றுக்கு 'பாலிகோர்டியஸ் மதராசென்சிஸ்' என்று பெயர் வந்தது. மதராஸ் என்ற ஊர்ப்பெயர் ஊருக்கு மாறிவிட்டது, புழுவுக்கு மாறவில்லை. இன்னொரு புழு பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதே அலிகுஞ்ஞிதான் பின்னாளில் ஹீராலால் சவுத்ரியுடன் சேர்ந்து, 1957-இல் கெண்டை மீன்களுக்கு ஹார்மோன் ஊசி போட்டுக் குஞ்சு பொரிக்க வைத்தவர். அந்த நாளை நினைத்துத்தான் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். மீனுக்காக அவரைக் கொண்டாடுகிறோம். புழுக்களை நினைப்பவர்கள் குறைவு.

நல்ல தண்ணியும் சாயமும்

ஆய்வுக்கூடத்தில் சேறு கழுவுகிற முறையைக் கேட்டால் நம் ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். வாளியில் சேற்றைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். மணல் அடியில் இறங்கச் சில நொடி பொறுக்க வேண்டும். மேல் தண்ணீரைச் சாய்த்துச் சல்லடையில் ஊற்ற வேண்டும். கனமான மணல் அடியில் தங்கும், கனமில்லாத புழு தண்ணீரோடு வரும். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அரிக்கஞ்சட்டியில் குதிரைவாலி அரிப்பது இதுவேதான். சட்டியைச் சுழற்றி, லேசாகச் சாய்த்து, தானியத்தைத் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்கு விட்டால், கல் உள்வரியில் சிக்கிக்கொள்ளும்.

அதற்கு மேலும் நயமாக வேண்டுமென்றால், சிலிக்கா கலந்த ஒரு கரைசலில் போட்டுச் சுழற்றுவார்கள். அதன் அடர்த்தி சுமார் 1.18. புழு மிதக்கும், மண் முங்கும். உப்புத் தண்ணீரில் விதைநெல்லைக் கொட்டிச் சாவியை மிதக்கவிடுகிற கணக்கு. பிறகு 'ரோஸ் பெங்கால்' என்ற இளஞ்சிவப்புச் சாயம். மண்ணில் அது அவ்வளவாக ஒட்டாது, சதையில் ஒட்டும். சாம்பல் நிறச் சேற்றில் ரோஜா நிற நூல் துண்டுகளாகப் புழுக்கள் தெரியும். நூலுக்குச் சாயம் ஏற்றிப் பழகிய ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கழுவுகிற தண்ணீரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உப்புத் தண்ணி, நல்ல தண்ணி என்று பிரித்துப் பேசுகிற ஊர் நம்முடையது. டென்மார்க்கைச் சேர்ந்த ரைன்ஹார்ட் கிறிஸ்டென்சன் 1982-இல் பிரான்சின் ரொஸ்காஃப் கடலோர ஆய்வுக்கூடத்தில் இருந்தார். ஊருக்குக் கிளம்பும் நாள். பெரிய மணல் மாதிரி ஒன்று மிச்சம், முறைப்படி மயக்க மருந்து போட்டுப் பிரிக்க நேரமில்லை. கடல்நீருக்குப் பதில் குழாயில் வந்த நல்ல தண்ணீரை விட்டுக் கழுவிவிட்டார். உப்பில் வாழ்ந்த உயிர்களுக்கு அது அதிர்ச்சி. மணலை இறுகப் பற்றியிருந்தவை பிடியை விட்டன. சல்லடையில் வந்து விழுந்தது, அதுவரை எந்த வகுப்பிலும் சேர்க்க முடியாத ஓர் உயிர். 1983-இல் அதற்காக விலங்குலகில் ஒரு புதிய தொகுதியையே திறந்தார்கள்: லோரிசிஃபெரா. கண் மட்டும் சிறுத்தால் போதாது, பிடித்திருக்கிற கையையும் நெகிழ்த்தத் தெரிய வேண்டும்.

தறி போடுகிற அறை அளவு சேறு

1960-களில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் ஹோவர்ட் சாண்டர்ஸ், ராபர்ட் ஹெஸ்லர் இருவரும் வட அட்லாண்டிக்கில் பெர்முடா வரை ஒரு கோடு போட்டுச் சேறு எடுத்தார்கள். பழைய காலத்தில் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்த சல்லடைக் கண்ணை 0.42 மில்லிமீட்டராக்கினார்கள். பாலைவனம் என்று நினைத்த இடத்தில் வெப்பமண்டலக் கரையோரத்துக்கு ஈடான வகைப் பெருக்கம் தெரிந்தது.

1992-இல் ஃபிரெடெரிக் கிராசில், நான்சி மாசியோலெக் இருவரும் வெளியிட்ட கணக்குதான் பலரையும் உலுக்கியது. நியூ ஜெர்சி, டெலவேர் கரைக்கு அப்பால் 1,500 முதல் 2,500 மீட்டர் ஆழத்தில், 30-க்கு 30 சென்டிமீட்டர் பெட்டி அளவில் 233 முறை சேறு வெட்டி எடுத்து, 0.3 மில்லிமீட்டர் கண்ணில் சலித்தார்கள். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் 21 சதுர மீட்டர். நம் கணக்கில் பதினான்குக்குப் பதினாறு அடி, ஒரு தறி போடுகிற அறை. அதில் 798 இனங்கள். பாதிக்கு மேல் அறிவியலுக்குப் புதியவை. ஏறத்தாழ பாதி வளையப்புழுக்கள். அங்கிருந்து அவர்கள் உலகக் கடலடிக்கு ஒரு கோடி இனங்கள் இருக்கலாம் என்று பெருக்கினார்கள். ராபர்ட் மே அது மிகை, ஐந்து லட்சத்துக்குள்தான் இருக்கும் என்றார். ஜான் லாம்ஸ்ஹெட் அடுத்த ஆண்டே நூற்புழுக்கள் மட்டும் பத்துக் கோடி இருக்கலாம் என்றார். ஐந்து லட்சத்துக்கும் பத்துக் கோடிக்கும் நடுவே ஒரு விஞ்ஞானம் நிற்கிறது என்றால், சலிக்க வேண்டிய சேறு இன்னும் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நூற்புழு என்பது பெயருக்கேற்ற உயிர். கிரேக்கத்தில் 'நேமா' என்றால் நூல். ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஆழ்கடல் சேற்றின் சின்ன உயிர்களில் பெரும்பங்கு இவையே. 0.3 மில்லிமீட்டர் கண்ணிலும் பெரும்பாலானவை நழுவிவிடும். அதனால் இன்று ஆழ்கடலுக்கு 32 மைக்ரான் சல்லடை. தலைமயிரின் பருமனில் பாதி கூட இராது.

இந்தக் கண் கைக்கு வந்த பிறகு வடகடலின் கதையிலும் ஒரு முடிச்சு விழுந்தது. நத்தை, சிப்பி போன்றவை அட்லாண்டிக்கில் வடக்கே போகப்போக வகையில் குறைகின்றன என்று மைக்கேல் ரெக்ஸ் குழு 1993-இல் காட்டியது. அடித்தண்ணீர் பூஜ்யம் டிகிரிக்கும் கீழே கிடக்கிற நார்வே கடலில் மிகக் குறைவு. பனியூழியில் வெறிச்சோடிய கடல் அது, இன்னும் முழுக்கக் குடியேறவில்லை என்பது ஒரு விளக்கம். ஆனால் 2000-இல் லாம்ஸ்ஹெட் குழு வட அட்லாண்டிக் நூற்புழுக்களை எண்ணியபோது, அவை வடக்கே கூடுவதாகத் தெரிந்தது. மேலே கடல் செழித்தால் அதன் உதிரி பனித்தூவல்போல் கீழே இறங்கும். அதை நம்பி வாழ்கிறவை இவை. வானம் பார்த்த பூமி என்று நம்மைச் சொல்வார்கள். அந்தச் சேறும் வானம் பார்த்த பூமிதான், அதன் வானம் கடலின் மேல்மட்டம். நார்வே கடல் மட்டும் இந்தக் கணக்குக்கு இன்னும் ஒத்துவராமல் நிற்கிறது, வாதம் தீரவில்லை.

குண்டாற்றின் கடைசி

இதற்கெல்லாம் நார்வே போக வேண்டியதில்லை. திருச்சுழியை ஒட்டி ஓடுகிற, அல்லது ஓடாமல் கிடக்கிற குண்டாறு, கமுதியைத் தாண்டிச் சாயல்குடிப் பக்கம் மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பல ஆண்டுகளில் தண்ணீர் கண்மாய்களிலேயே தங்கிவிடும். வெள்ளம் வருகிற ஆண்டில் நம் கரிசல் மண்ணும் கடலுக்குப் போகும். அங்கிருந்து தெற்கே போய்க்கொண்டே இருந்தால், மேலே உடம்பு வேர்க்கிற இந்தியப் பெருங்கடலின் அடியில் தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரியில் கிடக்கிறது. தென்துருவத்தில் குளிர்ந்து முங்கி ஊர்ந்து வந்த தண்ணீர். நம் காலடியிலும் ஒரு குளிர்கடல் இருக்கிறது.

அதன் நடுவே சுமார் 5,000 மீட்டர் ஆழத்தில், நிக்கலும் தாமிரமும் கோபால்ட்டும் கலந்த மாங்கனீசு உருண்டைகள் கிடக்கிற 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அள்ளினால் சேறு கலங்கும், கலங்கினால் யார் சாவார்கள் என்று பார்க்க, 1997-இல் அந்தச் சேற்றை வேண்டுமென்றே கிளறிப் புழுக்களை எண்ணினார்கள். அங்கேயும் நூற்புழுக்களே முன்னணி. 2021-இல் சென்னையின் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்த்த இயந்திரத்தின் பெயர் 'வராஹா'. கடலுக்குள் போய் பூமியைத் தூக்கி வந்த அவதாரத்தின் பெயர். இந்த முறை தூக்கும்போது அந்த மண்ணில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். அதை எழுதித் தர இயந்திரத்தால் ஆகாது, சல்லடைதான் எழுதித் தரும்.

இத்தனையும் படித்த பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. சல்லடையே இல்லாமல் நூற்புழு பிடிக்கிற வழி ஒன்று உண்டு. இன்றைய இந்தோனேசியாவில் வேலை பார்த்த குஸ்டாவ் பேர்மான் என்ற மருத்துவர், மண்ணில் கொக்கிப்புழுக் குஞ்சுகளைத் தேட 1917-இல் சொன்ன வழி. ஒரு புனல், அதன் அடியில் ரப்பர் குழாய், குழாயை இறுக்க ஒரு கிளிப். புனலில் தண்ணீர் நிரப்பி, மண்ணைத் துணியில் பொதிந்து தண்ணீர் தொடும்படி வைத்துவிட வேண்டும். ஈரம் பட்டதும் புழுக்கள் நெளிந்து, துணியின் கண் வழியாகத் தாமே இறங்கி, நீந்தத் தெரியாததால் குழாயின் அடியில் வந்து சேரும்.

கத்தரிப் பாத்தியில் ஒரு பிடி மண் எடுத்தேன். நல்ல கோடை. மேல்மண் சாம்பலாக உதிர்ந்தது. ஈரம் முழுக்கப் போனாலும் சில நூற்புழுக்கள் சாவதில்லை. வட்டமாகச் சுருண்டு, உடம்புத் தண்ணீரை அநேகமாக எல்லாமே இழந்து, ஒரு மழைக்காகக் காத்துக் கிடக்கும். பழைய அருப்புக்கோட்டை வேட்டியில் ஒரு துண்டு கிழித்து மண்ணைப் பொதிந்து, இரவு முழுக்க விட்டேன். காலையில் கிளிப்பைத் திறந்து சில சொட்டுப் பிடித்து, ஆசிரியராக இருக்கிற நண்பரின் நுண்ணோக்கியில் வைத்தோம்.

முதலில் ஒன்றுமில்லை. வட்டை நகர்த்தினோம். கண்ணாடி போன்ற ஒரு நூல் வந்தது, பக்கவாட்டில் படுத்து 'எஸ்' போல வளைந்து வளைந்து துடித்தது. குறுக்குத் தசை கிடையாது, நெடுக்குத் தசை மட்டும்தான். அதனால் அதற்குச் சுருங்கி நீள வராது, சாட்டையாகத்தான் அடிக்க வரும். அடுத்து ஒன்று. பிறகு மூன்று. உள்ளே குடல் ஓடுவது வரை தெரிந்தது. நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேட்டித் துண்டை அலசிக் கொடியில் போடும்போது கை தானாகவே அதை வெயிலுக்கு நேரே பிடித்தது. எதிர்வீட்டில் தறி ஓட்டுகிற தம்பி திண்ணையிலிருந்து கேட்டார்:

"என்னண்ணே, துணியில குத்தமா?"

"குத்தம் இல்லப்பா. இந்தக் கண்ணு வழியா ராத்திரி எத்தன பேரு வந்தாங்கன்னு பாக்குறேன்."